வெயிலில் வீடியோ எடுக்க என்டி ஃபில்டர்: கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்

நல்ல வெயில். ஷட்டரை 1/50 நொடியில் வைத்து, லென்ஸை எஃப் 2.8-க்குத் திறந்தால் திரை முழுக்க வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடுகிறது. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவும் அதன் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்காது. இந்த நேரத்தில் கை தானாகவே ஷட்டரை 1/2000-க்கு ஏற்றப் போகும், இல்லையென்றால் அப்பர்ச்சரை (லென்ஸின் துளையை; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) எஃப் 22 வரை மூடப் போகும். ஷட்டரை ஏற்றினால் நடப்பவரின் கைகால்கள் வெட்டி வெட்டி நகரும், இலைகளும் தண்ணீரும் துடிக்கும். அப்பர்ச்சரை மூடினால் பின்னணியின் மென்மை போய்விடும். கூடவே சிறிய துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் மொத்தமாகக் கூர்மை குறையும், சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளியாக வந்து நிற்கும்.

இதற்குத்தான் என்டி ஃபில்டர். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கண்ணாடி அது. ஆனால் கடையில் பத்து விதமான எண்களோடு கிடைப்பதில் உங்களுக்கு வேண்டியது எது? அதைப் பெட்டியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. உங்கள் கேமரா அமைப்பிலிருந்து ஒரு சின்னக் கழித்தல் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஃபில்டர் வாங்கி ஏமாறுபவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான். அங்கிருந்தே தொடங்குவோம்.

1. எத்தனை ஸ்டாப் குறைக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள்

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது, அல்லது இரு மடங்காவது. முதலில் ஷட்டர். அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரிய, ஷட்டர் வேகம் நொடிக்கு எடுக்கும் ஃப்ரேம் எண்ணிக்கையின் இரு மடங்காக இருக்க வேண்டும். 24 அல்லது 25 ஃப்ரேமுக்கு 1/50, 30-க்கு 1/60, 50-க்கு 1/100, 60-க்கு 1/125. ஷட்டரை டிகிரியில் காட்டும் கேமராவாக இருந்தால் 180 டிகிரியில் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

அடுத்து வெயிலின் அளவு. புகைப்படக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் சன்னி சிக்ஸ்டீன் விதி இங்கே கைகொடுக்கும். மேகமில்லாத நேர் வெயிலில் எஃப் 16 வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்கும். அதாவது ஐஎஸ்ஓ 100-க்கு 1/100. வீடியோவுக்கு நாம் 1/50 வைப்பதால் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் வருகிறது. அதைச் சரிக்கட்ட எஃப் 22-க்குப் போக வேண்டும். ஆக, ஐஎஸ்ஓ 100, 1/50, நேர் வெயில் என்றால் ஃபில்டர் இல்லாத சரியான அப்பர்ச்சர் எஃப் 22.

இனி நீங்கள் விரும்பும் அப்பர்ச்சர் வரை விரல்விட்டு எண்ணுங்கள்: 16, 11, 8, 5.6, 4, 2.8, 2, 1.4. ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப். எஃப் 5.6-ல் எடுக்க 4 ஸ்டாப், எஃப் 4-க்கு 5, எஃப் 2.8-க்கு 6, எஃப் 2-க்கு 7, எஃப் 1.4-க்கு 8.

இதில் மூன்று திருத்தங்கள் செய்ய வேண்டும்.

ஐஎஸ்ஓ ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். 200-க்கு 1, 400-க்கு 2, 800-க்கு 3. பிறகு வண்ணம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் லாக் முறையில் படமெடுப்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். லாக்கைத் திறந்ததும் பல கேமராக்கள் 640, 800 என்ற அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8 என்றால் தேவை 6 இல்லை, 9 ஸ்டாப். சாதாரண வண்ண அமைப்பில் பயன்படுத்திய ஒருவர் பரிந்துரைத்த ஃபில்டரை லாக்கில் எடுப்பவர் வாங்கினால் 3 ஸ்டாப் பற்றாமல் நிற்பார்.

ஃப்ரேம் எண்ணிக்கை இரட்டித்தால் ஒரு ஸ்டாப் கழியுங்கள். 50 ஃப்ரேமில் ஷட்டர் 1/100 ஆவதால் வெளிச்சம் தானே பாதியாகிவிடும்.

வானம் மாறினாலும் கழிக்க வேண்டும். நிழலின் ஓரம் மெத்தென்று தெரியும் இளமேகத்துக்கு 1, நிழலே விழாத மேகமூட்டத்துக்கு 2, கனத்த மூட்டத்துக்கு 3, வெயில் நாளில் திறந்த நிழலுக்கு 4. வெண்மணலிலோ பனியிலோ எடுத்தால் 1 கூட்டுங்கள்.

உங்களுடைய இரண்டு எல்லைகளையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8, 25 ஃப்ரேம் எடுப்பவருக்கு நேர் வெயிலில் 6, நிழலில் 2. ஐஎஸ்ஓ 800 லாக்கில் அதையே எடுப்பவருக்கு 9-ம் 5-ம். ஃபில்டர் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் வேலை செய்தால் போதும்.

கேமராவுக்குள்ளேயே என்டி இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். 1/4, 1/16, 1/64 என்ற குறிகள் முறையே 2, 4, 6 ஸ்டாப்பைக் காட்டுகின்றன. உங்கள் தேவையிலிருந்து அதைக் கழித்து மீதி இருந்தால் மட்டும் வெளி ஃபில்டரைப் பற்றி யோசித்தால் போதும்.

2. பெட்டியில் இருக்கும் எண்ணைச் சரியாகப் படியுங்கள்

ஒரே ஃபில்டருக்கு இரண்டு விதமாகப் பெயர் வைக்கிறார்கள். ஒன்று மடங்குக் கணக்கு: என்டி 2, 4, 8, 16, 32, 64. என்டி 64 வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும். இன்னொன்று அடர்த்திக் கணக்கு: ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் 0.3 கூடும்.

1 ஸ்டாப்: என்டி 2, அடர்த்தி 0.3
2 ஸ்டாப்: என்டி 4, 0.6
3 ஸ்டாப்: என்டி 8, 0.9
4 ஸ்டாப்: என்டி 16, 1.2
5 ஸ்டாப்: என்டி 32, 1.5
6 ஸ்டாப்: என்டி 64, 1.8
7 ஸ்டாப்: என்டி 128, 2.1
8 ஸ்டாப்: என்டி 256, 2.4
9 ஸ்டாப்: என்டி 512, 2.7
10 ஸ்டாப்: என்டி 1000, 3.0

பெரிய குழி இங்கே இருக்கிறது. என்டி 1.8 என்பது 6 ஸ்டாப். என்டி 8 என்பது 3 ஸ்டாப். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்து வாங்குவது அடிக்கடி நடக்கிறது. எண்ணில் புள்ளி இருந்தால் அடர்த்தி, இல்லாவிட்டால் மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆர்டர் போடும் முன் "எத்தனை ஸ்டாப்" என்ற சொல்லிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேல் பாதி கறுப்பும் கீழ்ப் பாதி தெளிவுமாக இருக்கும் கிராஜுவேட்டட் என்டி வேறு பொருள். வானத்தை மட்டும் அடக்குவதற்கானது அது. இந்த வேலைக்கு உதவாது.

3. நிலையானதா, வேரியபிளா என்று முடிவு செய்யுங்கள்

வேரியபிள் என்டி என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்கள்தான், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள். முன் வளையத்தைத் திருகத் திருக இருட்டு கூடும். வெயிலிலிருந்து வராந்தாவுக்குள் நடந்து போகும் ஒருவரை ஒரே ஷாட்டில் தொடர வேண்டியவருக்கு இதைவிட வசதி கிடையாது. தனியாளாக எடுப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்பார்கள், அது சரியான முடிவுதான். ஆனால் அதன் குணம் தெரிந்து வாங்க வேண்டும்.

திருகும் அளவும் குறையும் வெளிச்சமும் சீராகப் போவதில்லை. மிகக் குறைந்த நிலையிலிருந்து முதல் ஒரு ஸ்டாப் குறைய 45 டிகிரி திருக வேண்டும். இரண்டாவதுக்கு 15 டிகிரி போதும். மூன்றாவதுக்கு ஏறக்குறைய 9, நான்காவதுக்கு 6, ஐந்தாவதுக்கு 4 டிகிரிதான். அதனால் கடைசிப் பகுதியில் விரல் லேசாகப் பட்டாலே எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) குதிக்கும். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது திருகுவதானால் நடுப்பகுதியிலேயே வேலையை முடியுங்கள்.

அதே கடைசிப் பகுதியில்தான் இன்னொரு தொல்லையும் வரும். படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு கறுப்பு நிழல் விழும். போலரைசர்கள் இரண்டும் கிட்டத்தட்ட குறுக்காக நிற்கும்போது, சாய்ந்து நுழையும் ஒளி வேறு அளவில் தடுக்கப்படுவதால் இது வருகிறது. லென்ஸ் அகலமாக ஆக ஆகச் சீக்கிரமே வந்துவிடும். "2 முதல் 400 வரை" என்று மிகப் பெரிய வீச்சை எழுதி விற்பவற்றின் மேல் எல்லையில் இதைத்தான் பார்ப்பீர்கள். 2 முதல் 5 ஸ்டாப், 6 முதல் 9 ஸ்டாப் என்று வீச்சைப் பிரித்து, இரு முனையிலும் தடுப்பு வைத்துச் செய்தவற்றையே வாங்குங்கள். ஐஎஸ்ஓ 800-ல் எடுப்பவருக்கு 6 முதல் 9, ஐஎஸ்ஓ 100-ல் எடுப்பவருக்கு 2 முதல் 5 என்று முதல் படியின் தாளே சொல்லிவிடும். 2 முதல் 5 வைத்திருப்பவர் நேர் வெயிலில் எஃப் 2.8-ஐ விட்டு எஃப் 4-க்குப் போக வேண்டியிருக்கும். அது பெரிய இழப்பு இல்லை.

மூன்றாவது சிக்கல், போலரைசர் என்பதாலேயே வருவது. முன் கண்ணாடி தண்ணீரின் பளபளப்பையும் காரின் கண்ணாடியில் விழும் பிம்பத்தையும் முகத்தில் இருக்கும் ஒளிப்பூச்சையும் தின்றுவிடும். எக்ஸ்போஷருக்காக வளையத்தைத் திருகும்போது இந்த விளைவும் சேர்ந்தே மாறும். காலையில் எடுத்த ஷாட்டில் வானம் ஒரு நீலம், அரை மணி கழித்து எடுத்ததில் வேறு நீலம். எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டும்போது தெரியும். அகல லென்ஸில் சூரியன் பக்கவாட்டில் இருந்தால் வானத்தின் நடுவே ஒரு கருநீலப் பட்டையும் விழும்.

நிலையான என்டியில் இந்த மூன்றும் இல்லை. நேர்காணல், ட்ரைபாட் ஷாட், பல கோணங்களை ஒன்றாக ஒட்ட வேண்டிய காட்சி என்றால் அதையே எடுங்கள். முழு வரிசையும் வாங்கத் தேவையில்லை. ஐஎஸ்ஓ 100-க்கு 3-ம் 6-ம், ஐஎஸ்ஓ 800-க்கு 6-ம் 9-ம் போதும். இடையில் ஒன்றரை ஸ்டாப் இடித்தால் அப்பர்ச்சரில் கொஞ்சம் மூடுங்கள். ஷட்டர் 1/100 வரை ஏறினாலும் பெரும்பாலான காட்சிகளில் கண் உறுத்தாது.

4. அகச்சிவப்புத் தடுப்பு உண்டா என்று பாருங்கள்

கறுப்பு பேன்ட் போட்டவரை வெயிலில் எடுத்தீர்கள், வீட்டில் வந்து பார்த்தால் பேன்ட் பழுப்புச் சிவப்பாக இருக்கிறது. பக்கத்தில் தொங்கும் பைக்கும் அதே நிறம். ஆனால் கறுப்புச் செருப்பு மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இது ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) பிழை இல்லை. அகச்சிவப்புக் கசிவு.

சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருந்தாலும் சிறிதளவு உள்ளே வரும். வழக்கமாக அது கண்ணுக்குத் தெரியாது. சாதாரண என்டி 64 போட்டால் கண்ணுக்குத் தெரியும் ஒளி 64-ல் ஒரு பங்காகிறது, அகச்சிவப்போ அதே அளவுக்குக் குறைவதில்லை. படத்தில் அதன் பங்கு பல மடங்கு கூடிவிடும். செயற்கை இழைத் துணிகளின் கறுப்புச் சாயம் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பதால் அங்கேதான் முதலில் வெளிப்படும். துணிக்குத் துணி அளவு மாறுவதால் எடிட்டிங்கில் ஒரே திருத்தத்தில் சரிசெய்யவும் முடியாது. ஒன்றைச் சரிசெய்தால் முகத்தின் நிறம் கெடும்.

3 ஸ்டாப் வரை பெரும்பாலும் கவலை இல்லை. 4, 5 ஸ்டாப் தொடங்கி ஐஆர் என்டி என்று எழுதியதை வாங்குங்கள். 6-க்கு மேல் அதில் சமரசம் வேண்டாம். வேரியபிளிலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், ஏனெனில் சாதாரண போலரைசர் படலம் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை.

5. அளவும் வளையமும்

லென்ஸ் மூடியின் உட்புறத்திலோ லென்ஸின் முன் விளிம்பிலோ, குறுக்குக் கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82 இவற்றில் ஒன்றாகப் பெரும்பாலும் இருக்கும். அது மரையின் விட்டம், மில்லிமீட்டரில். லென்ஸின் குவிய நீளமும் மில்லிமீட்டரில்தான் எழுதியிருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

லென்ஸுக்கு ஒரு ஃபில்டர் என்று வாங்குவது பண விரயம். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய அளவுக்கு, அல்லது அடுத்து வாங்க நினைக்கும் லென்ஸின் அளவுக்கு, நல்லதாக ஒன்று வாங்குங்கள். மற்ற லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் போதும். வளையத்தின் விலை ஃபில்டர் விலையில் ஒரு சிறு துண்டுதான். 67 லென்ஸில் 82 ஃபில்டர் போட வேண்டுமானால் 67–82 என்ற வளையம். லென்ஸின் எண் முதலில் வரும். 82–67 என்று மாற்றி வாங்கிவிட்டால் அது ஸ்டெப்-டவுன், உங்கள் ஃபில்டர் அதில் ஏறாது. பித்தளை வளையம் அலுமினியத்தைவிடச் சிக்கிக்கொள்வது குறைவு, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுங்கள்.

பெரிய ஃபில்டர் ஏறியதும் லென்ஸின் ஹூட் மாட்ட முடியாமல் போகும். வெயில் ஃபில்டர் முகத்தில் நேராக அடித்தால் கறுப்பெல்லாம் சாம்பலாக வெளுக்கும். ஒரு அட்டையையோ கையையோ நிழலுக்குப் பிடியுங்கள், படத்துக்குள் வந்துவிடாமல்.

அகல லென்ஸில் இரண்டு ஃபில்டர்களை அடுக்கினால் மூலைகள் இருளும். ஏற்கெனவே போட்டிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு என்டியைப் போடுங்கள். அதன்மேல் போட்டால் விளக்கும் சூரியனும் கண்ணாடிகளுக்கு இடையே பட்டுத் தெறித்துப் பேய்ப் பிம்பம் விழும். லென்ஸுக்கு முன்னால் பொருத்தி ஃபில்டரைச் செருகும் மேட் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த மரைக் கவலையே இல்லை. 4×5.65 அங்குலம், 4 மி.மீ. தடிமன் என்ற செவ்வகக் கண்ணாடி எல்லா லென்ஸுக்கும் பொருந்தும். ஆனால் பாக்ஸுக்கும் லென்ஸுக்கும் இடையே இருக்கும் இடைவெளியைத் துணியாலோ ரப்பர் வளையத்தாலோ மூடுங்கள். பின்பக்கமிருந்து நுழையும் வெளிச்சம் ஃபில்டரில் பிரதிபலித்து உங்கள் லென்ஸையே படமெடுத்துக் காட்டும்.

6. திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சோதியுங்கள்

வாங்கியதும் பையில் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்துப் படப்பிடிப்பு நாளன்று முதன்முதலாகப் பிரிப்பது கூடாது. ஒரு வெயில் நாளில், உச்சிப் பொழுதையொட்டி அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள், ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினில் பூட்டுங்கள், ட்ரைபாடில் நிறுத்துங்கள்.

வலிமைச் சோதனை: என்டி 64-ஐப் போட்டு 1/50-ல் ஒரு வெள்ளைச் சுவரை எடுங்கள். ஃபில்டரைக் கழற்றி, அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் தொடாமல் 1/3200-ல் எடுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஃபில்டர் இல்லாத ஷாட்டை 1/2500-ல் எடுத்தால்தான் ஒத்துவருகிறது என்றால் உங்கள் ஃபில்டர் 6 ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதைக் குறித்து வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். ஒரு முழு ஸ்டாப் தள்ளி இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

நிறச் சோதனை: அதே இரண்டு ஷாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் முழுக்க ஒரே சீராக லேசான மஞ்சளோ பச்சையோ இருந்தால் ஒயிட் பேலன்ஸில் சரியாகும். நடுவில் ஒரு நிறம், மூலையில் ஒரு நிறம் என்றால் எதுவும் செய்ய முடியாது, வேண்டாம்.

கறுப்புத் துணிச் சோதனை: வீட்டில் இருக்கும் நான்கைந்து கறுப்புத் துணிகளை, பருத்தி, பாலியஸ்டர், பை, குடை என்று கலந்து, வெயிலில் வரிசையாகத் தொங்கவிட்டு எடுங்கள். எது சிவக்கிறது என்று உடனே தெரியும்.

கூர்மைச் சோதனை: இருப்பதிலேயே நீளமான லென்ஸில் தூரத்துப் பெயர்ப்பலகையை எடுங்கள். கண்ணாடியின் தரக்குறைவு அகல லென்ஸில் ஒளிந்துகொள்ளும், டெலியில் மாட்டிக்கொள்ளும்.

வேரியபிள் என்றால் அகலமான லென்ஸில் வானத்தைப் பார்த்து முனையிலிருந்து முனைக்குத் திருகுங்கள். நிழல் எந்தக் குறியில் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு குறி முன்னதாக வளையத்தில் ஒரு துளி வெள்ளை மை வைத்துவிடுங்கள்.

7. இடத்தில் செய்ய வேண்டிய வரிசை

ஷட்டர், ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர் மூன்றையும் முதலில் பூட்டுங்கள். பிறகு ஃபில்டரைப் போடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ ஓடிக்கொண்டிருந்தால் ஃபில்டர் குறைத்த வெளிச்சத்தைக் கேமரா ஏற்றிவிடும், திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், படம் மட்டும் இரைச்சலோடு வரும். ஒயிட் பேலன்ஸை ஃபில்டர் போட்ட பிறகு, சாம்பல் அட்டையைப் பார்த்து எடுங்கள். ஃபில்டரை மாற்றினால் மறுபடி எடுங்கள்.

எக்ஸ்போஷரைத் திரையின் வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் எந்தத் திரையும் மங்கலாகத்தான் தெரியும், அதை நம்பினால் தேவைக்குமேல் திறந்துவிடுவீர்கள். வெளிச்சம் மிகுந்த இடத்தில் கோடு காட்டும் ஜீப்ராவையோ, வெளிச்சப் பரவலை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமையோ பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றுங்கள், சில கோணங்களில் திரையே கறுத்துவிடும்.

மேகம் வந்து போகும் நாளில் ஃபில்டர் மாற்ற இரண்டு மூன்று நிமிடம் ஆகும் என்று திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டும் வகையில் சில நொடிகள்தான், ஆனால் ஓடியாடி எடுக்கும்போது தட்டுப்பட்டால் கழன்று விழும். ஓட்ட ஷாட்டுக்கு மரை ஃபில்டரே பத்திரம்.

8. ட்ரோனும் மொபைலும்

பெரும்பாலான மொபைல்களிலும் பல சிறிய ட்ரோன்களிலும் அப்பர்ச்சர் மாறாது. எனவே கணக்கு இன்னும் எளிது. எஃப் 1.8, ஐஎஸ்ஓ 100, 1/50, நேர் வெயில் என்றால் 7 ஸ்டாப்புக்குச் சற்று மேல், என்டி 128-ஐ ஒட்டி.

ட்ரோனுக்கு அந்த மாடலுக்கென்றே செய்த ஃபில்டரை வாங்குங்கள். எடை கூடினால் கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் மோட்டார் திணறும். ஆன் செய்யும்போது கிம்பல் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் என்பதால் ஃபில்டரை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

மொபைலில் லென்ஸைப் பூட்டும் வசதி உள்ள ஆப் கட்டாயம். இல்லாவிட்டால் வெளிச்சம் குறைந்ததும் ஃபில்டர் மூடாத இன்னொரு லென்ஸுக்கு அதுவாகவே தாவிவிடும்.

9. சிக்கிக்கொண்ட ஃபில்டரைக் கழற்ற

வெயிலில் சூடேறிய வளையம் இறுகிக்கொள்வது சகஜம். பலத்தைப் போட்டு இரு விரலால் நெரித்தால் வட்டம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். நிழலில் வைத்து ஆறவிடுங்கள். பிறகு ஒரு அகலமான ரப்பர் பேண்டை விளிம்பைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கையை முழுதாகப் பதித்து, அழுத்தாமல் திருகுங்கள். அதற்கும் வராவிட்டால் ஃபில்டர் ரெஞ்ச் என்ற பிளாஸ்டிக் கவ்வி இருக்கிறது, விலை சொற்பம், பையில் ஒரு ஜோடி கிடக்கட்டும்.

துடைக்கும் முன் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். மணலோடு துணியைத் தேய்த்தால் பூச்சு கீறும், அந்தக் கீறல் எதிர்வெயிலில் ஒவ்வொரு ஷாட்டிலும் மின்னும். வேரியபிளில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவம் இறங்கினால் வெளியே எடுக்க வழியில்லை. திரவத்தை ஃபில்டர்மேல் விடாமல் துணியில் ஒரு சொட்டு விட்டுத் துடையுங்கள்.